தோணி, கிண்ணம், காது

என் கடையில் போன் வாங்கியவர்கள் மறுவாரமே திரும்பி வந்தால் நான் முதலில் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். சண்டை போட வந்தவர்களா, சந்தேகம் கேட்க வந்தவர்களா என்று முகமே சொல்லிவிடும். வேண்டாவின் முகம் எதையும் சொல்லவில்லை. மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"கண்ணகி, இத்தப் பாரு. கட்டம் கட்டமா வந்துகினு கீது."

எடுத்துப் பார்த்தேன். பஹ்ரைன் நம்பரிலிருந்து வந்த மெசேஜ். திரையில் ஒரு வரிசைக் காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சதுரங்கப்பட்டினத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஒரே பெண்பிள்ளை அப்போது நான்தான். அதனால் குப்பத்துப் பெண்களின் போன் சங்கதிகள் எல்லாம் என்னிடம்தான் வரும். ரீசார்ஜ் போடுவது, புருஷன் நம்பரைப் பதிந்து கொடுப்பது, மாமியார் நம்பரை அழித்துக் கொடுப்பது. இது இரண்டாயிரத்து ஆறில். வேண்டாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். வேண்டும் வேண்டும் என்று பெற்ற தம்பி இருந்ததையெல்லாம் குடித்தே தீர்த்தான். அப்பனுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியவள் இந்த வேண்டாதான். பெயர் வைக்கிறவர்களுக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் புருஷன் சின்னையன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலையாக இருந்தார். அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தார். அது போன வாரம் ஐஸ் தண்ணீர் இருந்த அன்னக்கூடையில் விழுந்து உயிரை விட்டது. நானே திறந்து பார்த்தேன், உள்ளே உப்புப் பூத்துக் கிடந்தது. சிம்மை எடுத்து, டார்ச் லைட் வைத்த மலிவுப் போன் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் போனில்தான் இந்தக் கட்டங்கள்.

அந்தப் போனில் இல்லாத எழுத்து வந்தால் கட்டம்தான் காட்டும் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து வருவதென்றால் அரபியாக இருக்க வேண்டும்.

"உங்க வூட்டுக்காரரு அரபி கத்துக்கினாராக்கா?"

"அவுரு கையெழுத்துப் போடவே நாழியாவும். அரபி எங்க கத்துக்கறது?"

"பின்ன இன்னா அனுப்புறாரு?"

"படம்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் வெளியே போய்க் கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இப்போதுதான் துடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் வரைந்துவிட்டாள்.

ب

"இது தோணி. கீழ ஒரு புள்ளி கீது பாரு, அது நங்கூரம். கரைல கீறேன்னு அர்த்தம்."

பக்கத்தில் இன்னொன்று.

ت

"இதுவும் தோணிதான். மேல ரெண்டு ஆளு நிக்கிறாங்களா, கடலுக்குக் கெளம்பியாச்சி."

பிறகு மேலே மூன்று புள்ளி வைத்த தோணி. ث. அன்றைக்கு நல்ல பாடு, மீன் குவிந்து கிடக்கிறது. அப்புறம் ஆழமான ஒரு கிண்ணம், உள்ளே சோற்றுப் பருக்கை. ن. சாப்பிட்டாயிற்று. வயிற்றைச் சுருட்டிப் பிடித்த மாதிரி ஒன்று. ج. உடம்பு சரியில்லை. இது ஒரே ஒரு தடவைதான் வந்ததாம். அன்றைக்கு அவளும் சாப்பிடவில்லையாம்.

கடைசியாக ஒரு காது போட்டாள்.

؟

"கேக்குதான்னு அர்த்தம். கடல்லருந்து வந்து சிக்னல் கெடச்சதும் மொதல்ல இத்த அனுப்புவாரு. நானும் திருப்பி ஒரு காது அனுப்புவேன். அதுக்கப்புறந்தான் மத்ததெல்லாம்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்கும் அப்படித்தான். அங்கே விற்கும் போனில் பொத்தானுக்குப் பொத்தான் அரபி எழுத்து. தற்செயலாக எதையோ அழுத்தப்போய்த் தோணி ஒன்று திரையில் வந்து நின்றிருக்கிறது. அதை இவளுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை பேசும்போது சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றிரண்டு படம் கூடியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தோணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெறும் பல்லாகிவிடும் என்பதால், நடுவே இடம் விட்டு அனுப்பவும் பழகியிருக்கிறார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். என் வீட்டுக்காரர் பி.காம். இரவு சாப்பாட்டுக்கு வருவீர்களா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினால் 'கே' என்று ஓர் எழுத்து வரும். அதுவும் எப்போதாவது.

"சரிக்கா, வெள்ளிக்கிழம பேசும்போது கேட்டுக்கயேன். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

கண்ணாடிமேல் வரைந்த ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு இல்ல," என்றாள் பிறகு. "போன வெள்ளிக்கிழம ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

நம் ஊரைப் போலவே அங்கேயும் தடைக்காலம் உண்டு. அந்த மாதங்களில் படகு கரையில் நிற்கும். படகு முதலாளியிடம், அவர்கள் பாஷையில் அரபாபிடம், கேட்டுக்கொண்டு ஆட்கள் ஊருக்கு வருவார்கள். போன வருஷம் சின்னையன் வரவில்லை. படகு ரிப்பேர் வேலை இருக்கிறது, கூடக் கொஞ்சம் காசு வரும் என்று தங்கிவிட்டார். இந்த வருஷமும் அதே பேச்சை எடுத்திருக்கிறார்.

"எனக்கு டப்பு வேணாம், ஆளுதான் வேணும்னு சொன்னேன். அவுரு ரிப்பேரு, ரிப்பேருன்னாரு. எனக்கு வந்திச்சி கோவம். வரலன்னா வராத, எப்பவும் வராதன்னு சொல்லிட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். குப்பத்தில் கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். கேட்டால் கடல் காதில் விழும் என்பார்கள். போகிறேன் என்று அவனும் சொல்ல மாட்டான். எவ்வளவு பெரிய சண்டையானாலும், கட்டையில் போவாய் என்று திட்டினாலும் திட்டுவார்களே தவிர, கடலில் இருப்பவனைப் பார்த்து வராதே என்ற சொல்லை எந்தப் பெண்ணும் எடுக்க மாட்டாள். இவள் எடுத்துவிட்டாள். அதுவும் அவர் தடைக்கு முன்னால் கடைசித் தடவையாகக் கடலுக்குக் கிளம்பும் நேரத்தில்.

"சொல்லிட்டு வச்சிட்டேன். மறுநாளு போனு தண்ணில வுழுந்திச்சி. இந்தப் போன்ல இது வந்துகீது. அப்புறம் அடிச்சிப் பாத்தா, சுவிச் ஆப்பு. இன்னா அனுப்பினாருன்னு தெரியல, கண்ணகி. வரேன்னாரா, வரலன்னாரா, ஒடம்புக்கு முடியலன்னாரா, ஒன்னுந்தெரியல. வயித்துல நெருப்பக் கட்டிகினு மீன் வித்துகினு கீறேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

என்னிடம் இருந்த போன்களில் எல்லாம் அந்த சிம்மைப் போட்டு, மெசேஜை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கட்டம்தான். ஒன்றில் கட்டத்துக்குப் பதில் கேள்விக்குறி வந்தது. விலை உயர்ந்த போன் என்று பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்ததும் அதே கட்டத்தைத்தான் காட்டியது. அதை என் தலையில் கட்டிய கேளம்பாக்கத்து ஏஜெண்டை மனசுக்குள் திட்டினேன்.

"அப்ப அது அழிஞ்சிபோச்சா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. கூடைக்குள்ள மீன் கீது, மூடியத் தொறக்கத்தான் தெரியல. அரபி காட்டுற போனு ஒன்னு கெடச்சா அதுக்கு இத்த அப்டியே அனுப்பிடலாம். அதுல தெரியும்."

"அந்த மாதிரி போனு யாரு கைல கீது?"

யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைக்கு நேர் எதிரே, என் போர்டை மறைத்துக்கொண்டு நிற்கும் ஷேர் ஆட்டோவின் டிரைவர் தேவசகாயத்திடம். ரியாத்தில் ஒன்பது வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். வந்து எவ்வளவோ காலமாகியும் சவுதியை விட்டு இறங்கவில்லை. மாமல்லபுரம் போகிற பயணிகளை எல்லாம் 'ஹபீபி, தள்ளி உக்காரு' என்பார். பந்தாவுக்காகப் போனை முழுக்க அரபியிலேயே வைத்திருப்பார். வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள் என்று நான் கேட்டு, ரோடு உங்க வூட்டுதா என்று அவர் கேட்டு, அன்றையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"அந்தாளுகிட்ட நான் கேக்க மாட்டேன்," என்றேன்.

"நீ எதுக்குக் கேக்கற?" என்று வேண்டா வாசலுக்குப் போனாள். "அண்ணாத்த, கொஞ்சம் எறங்கி வா."

தேவசகாயம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கடைக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் நம்பரை வேண்டா கேட்க, அவர் வேண்டாவிடம் சொல்ல, வேண்டா என்னிடம் சொல்ல, நான் கட்டங்களை அந்த நம்பருக்கு அனுப்பினேன். அவர் போன் ஏதோ பாலைவனப் பாட்டு ஒன்றைப் பாடியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். படித்தார். நெற்றியைச் சுருக்கி, வலமிருந்து இடமாக இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தார்.

"யாரும்மா அனுப்புனது? அர்த்தமே இல்லியே. மொதல்ல ஒரு 'பா'. அப்புறம் பூராங் கேள்விக்குறி. அவுங்க ஊர்ல கேள்விக்குறி இப்டித் திரும்பிகினு இருக்கும். வேற ஒன்னும் இல்ல."

வேண்டா போனை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வலது ஓரத்தில் நங்கூரம் போட்ட தோணி. அதற்கப்புறம் வரிசையாகக் காது, காது, காது.

"கரைலதான் இருந்துகீறாரு," என்றாள். "கெளம்பறதுக்கு முன்னாடி அனுப்பினது."

ஒரு தடவைக்கு ஒரு காதுக்கு மேல் அவர் அனுப்பியதே இல்லையாம். இவள் ஒரு காது திருப்பி அனுப்பினால் போதும், சரியாகிவிடும். வராதே என்று சொல்லிப் போனை வைத்தவளிடம், கேக்குதா, கேக்குதா என்று அங்கே ஒரு மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இங்கே இவள் கட்டங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதில் இல்லை. அப்படியே கடலுக்குப் போய்விட்டார்.

வேண்டா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இங்க அவுரு வாயப் பாத்துகினு கீறேன். அவுரு அங்க என் வாயப் பாத்துகினு இருந்துகீறாரு. இன்னா பொழப்புடி இது."

தேவசகாயத்துக்கு விஷயம் புரிய நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அதைத் திரும்ப மாட்டவில்லை.

"இப்பயே என் போன்லருந்து 'வா'ன்னு அரபில அடிச்சி அனுப்பிடறேன்மா."

"அவுருக்குப் படிக்கத் தெரியாதே அண்ணாத்த."

"சரி, அப்ப உங்க படத்துலயே போடுவோம். வான்னு சொல்ல இன்னா படம்?"

வேண்டா யோசித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோணிக்குப் படம் இருந்தது, சோற்றுக்கு இருந்தது, வயிற்று வலிக்குக்கூட இருந்தது. வருவதற்குப் படம் இல்லை. எப்போது வருவாய் என்று கேட்கிற வழக்கமே இல்லாதவர்கள் அதற்கு எதற்குப் படம் வைப்பார்கள்? இரண்டு வருஷம் பேசியிருக்கிறார்கள், அந்த ஒன்றைப் பேசிக்கொண்டதே இல்லை.

"காதே போவட்டும்," என்றாள் கடைசியில். "ஆனா உன் போன்லருந்து வேணாம் அண்ணாத்த. வேற நம்பர்லருந்து காது போனா, எவன் காதுன்னு நெனப்பாரு?"

தேவசகாயம் சிரித்துவிட்டார். எனக்கும் வந்தது, அவர் எதிரில் சிரிக்கக் கூடாது என்று அடக்கினேன். வழி ஒன்றுதான். வேண்டாவின் போனில் அரபிப் பொத்தான் இல்லை. ஆனால் அவர் அனுப்பியது அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கிறது. அதை அப்படியே அவருக்குத் திருப்பி அனுப்பினேன். அதே தோணி, அதே காதுகள். நானும் கரையில்தான் இருக்கிறேன், கேட்கிறது, கேட்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் இடத்தில் 'பெண்டிங்' என்று நின்றது. கடலில் இருக்கிற போனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அதற்கப்புறம் வேண்டா தினமும் வந்தாள். காலையில் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது கூடையை இறக்கிவைப்பாள், போனை நீட்டுவாள், நான் பார்ப்பேன், இல்லை என்று தலையாட்டுவேன். தூக்கிக்கொண்டு போய்விடுவாள். மீன் எவ்வளவு போயிற்று, வஞ்சிரம் என்ன விலை என்று ஏதாவது பேசுவோம். அவளாகவே ஒருநாள், "கடலு அமைதியாத்தான் கீதாம், டவுன்ஷிப்புல ஒரு அம்மா டிவில பாத்துச் சொன்னாங்க," என்றாள். எந்தக் கடலைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா சொன்னது வங்காள விரிகுடாவாகத்தான் இருக்கும். கேட்டு ஆகப்போவது என்ன.

தேவசகாயமும் ஒவ்வொரு டிரிப் முடிந்து வரும்போதும் ஒரு தடவை கடைக்குள் எட்டிப் பார்ப்பார். பேச மாட்டார். புருவத்தை உயர்த்துவார். நானும் பேசாமல் உதட்டைப் பிதுக்குவேன். வண்டியை மட்டும் என் போர்டுக்கு முன்னால்தான் நிறுத்தினார். அதில் மாற்றம் இல்லை.

ஒரு மத்தியானம், வேண்டா கூடையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே போன் பீப் என்றது. அவள் என் கையில் கொடுத்தாள். அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டியது.

"கரைக்கு வந்துட்டாருக்கா," என்றேன்.

அவள் கூடையைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை இத்தனை நாளாக எங்கே வைத்திருந்தாளோ.

அவள் நிமிர்வதற்குள் இன்னொரு பீப். இந்த முறை பஹ்ரைனிலிருந்து. திறந்தேன்.

ஒரே ஒரு கட்டம்.

ஒரு தோணியா, ஒரு கிண்ணமா, ஒரு காதா? உடம்பு சரியில்லையா? எதுவாகவும் இருக்கலாம். பஹ்ரைன் நம்பரை அடித்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. எதிரே பார்த்தேன். போர்டு பளிச்சென்று தெரிந்தது. வேண்டாத நாளில் எல்லாம் நட்டுவைத்த மாதிரி நின்ற மனுஷன் அன்றைக்குப் பார்த்து டிரிப்பில் இருந்தார். நானே அவருக்குப் போன் போட்டேன். அவர் நம்பருக்கு நான் போன் போட்ட முதல் தடவை அது. எங்கே இருக்கிறீர்கள் என்றேன். புதுப்பட்டினம் பக்கம் வந்துகினு கீறேன் என்றார். கட்டத்தை அவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

ஆட்டோ நிறையப் பயணிகளோடு வந்து வழக்கமான இடத்தில் நின்றது. இறங்கும்போதே போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"புதுசா கீதும்மா. இது நம்ம லிஸ்ட்லயே இல்ல."

நம்ம லிஸ்ட் என்றார். அதை நான் கவனித்தேன்.

திரையின் வலது ஓரத்தில் தனியாக நின்றது.

ط

"இன்னா இது?" என்றேன்.

"எழுத்துதான். இது பாட்டுக்குத் தனியா வந்தா ஒரு அர்த்தமும் இல்ல."

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. படுத்திருக்கிற எதன்மேலோ குச்சி நட்டுவைத்த மாதிரி இருந்தது. கல்லறையோ என்று ஒரு நினைப்பு வந்ததும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வேண்டாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆட்டோவிலிருந்து யாரோ, "எவ்ளோ நேரம்பா?" என்று கேட்டார்கள்.

வேண்டா போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். உருண்டையாக இருந்த இடத்தை விரலால் தடவினாள், பிறகு செங்குத்தாக நின்ற கோட்டை.

"வாலு," என்றாள்.

"இன்னா வாலு?"

"ஏரோப்ளேன் வாலு. இது ஒடம்பு, உள்ள ஆளுங்க குந்திகினு வர எடம். இது பின்னால தூக்கிகினு நிக்கிற வாலு." மறுபடி பார்த்தாள். "யாரும் சொல்லித் தரல அவுருக்கு. எனக்குப் புரியும்னு அனுப்பிட்டாரு பாரு."

பிறகு பார்த்தபோது எங்களுக்கும் அது ஏரோப்ளேனாகத்தான் தெரிந்தது. வேறு எதுவாகவும் தெரியவில்லை. தேவசகாயம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எனக்குச் சொந்தமே இல்லாத ஒரு சந்தோஷத்தில் கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டா போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

"அண்ணாத்த," என்றாள், "உன் வண்டி மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு வரைக்கும் வருமா?"